கடைசிப் பதினைந்து நிமிடம்

சினிமாவில் வரும் டாக்டர்களைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு. கெட்ட செய்தி சொல்லப் போகிறவர் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். தமிழ்ப் படம், மலாய்ப் படம், கொரியப் படம் எதுவானாலும் இதில் மாற்றமில்லை. கண்ணாடி மூக்கிலேயே இருந்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். கைக்கு வந்துவிட்டால் வீட்டார் சுவரில் சாய்ந்து சரியத் தொடங்கலாம். முப்பது வருடம் படம் பார்த்துத் திரட்டிய இந்த அறிவோடுதான் ஜொகூர் பாருவில் தொண்டை நிபுணர் ஒருவரின் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியே போட்டிருக்கவில்லை. எதை வைத்துக் கணிப்பது? என் நடுக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

சிலோன்காரர். என் வயதுதான் இருக்கும். மூக்கு வழியாக ஒரு கறுப்புக் குழாயை விட்டார். எதிரே இருந்த திரையில் என் தொண்டையின் உட்புறம் ஓடியது. நான் பார்த்ததிலேயே மோசமான ஒளிப்பதிவு. சிவப்பு, ஈரம், இருட்டு. இடது பக்கத்துக் குரல்நாணில் அரிசிமணி அளவுக்கு ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாக் குரல் இப்பிடி?"

"மூணு மாசமா, டாக்டர்."

"சிகரெட்?"

"விட்டு எட்டு வருஷம் ஆச்சு."

அவர் அந்த அரிசிமணியில் ஒரு துளியைக் கிள்ளி எடுத்துக் குப்பியில் போட்டார். "பரிசோதனைக்கு அனுப்புறன். பத்து நாளில வாங்கோ. அதுவரைக்கும் கதைக்கக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன். கதவு வரை போனபோது பின்னாலிருந்து சொன்னார்: "வரேக்க மனைவியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கண்ணாடி கழன்றுவிட்டது.

எனக்குக் குரல்தான் எல்லாம் என்று சொன்னால் பாடகன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரநாட்களில் உலு திராமிலிருந்து தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் மைக் பிடிப்பவன் நான்தான். மாப்பிள்ளையைக் கிண்டலடித்து, சம்பந்திகளைச் சிரிக்கவைத்து, கேக் வெட்டும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்கும் மேல் ஒரு பதவி உண்டு. தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஆஸ்தான விமர்சகன். எந்தப் படம் வீட்டுத் திரைக்கு வந்தாலும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம் பேசி அனுப்புவேன். "படம் ஓகே லா. ஹீரோ அழறப்ப நமக்குச் சிரிப்பு வருது, காமெடியன் பேசுறப்ப அழுகை வருது. படுத்துக்கிட்டுப் பாருங்க, நடுவுல தூங்கிட்டாலும் பாதகமில்ல." இப்படித்தான் இருக்கும். முடிவை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அது என் தொழில் தர்மம்.

அந்தக் குழுவில் சிகாமட்டில் இருக்கும் கூட்டாளி ஒருவன், இரண்டு மாதம் கழித்து நடக்கப்போகிற மகளின் கல்யாண விருந்துக்கு என்னைத்தான் மைக் பிடிக்கச் சொல்லியிருந்தான். அவள் பிறந்தபோதே நான் கொடுத்த வாக்கு அது. இப்போது என் கையில் பத்து நாள் மௌனமும், ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி சதையும் மட்டுமே இருந்தன.

வீட்டில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், என் மனைவி எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. விடியுமுன் பஸ் ஏறி, பாலம் கடந்து, இருட்டியபின் திரும்புகிறவள். வெள்ளத்தில் கார் நின்றுபோனபோதுகூட, "இறங்கித் தள்ளுங்க, ஏன் கத்துறீங்க?" என்று கேட்டவள். நான் பயந்தால் அது எங்கள் வீட்டில் தினசரி நகைச்சுவை நிகழ்ச்சி. அவள் பயந்துவிட்டால் விஷயம் நிஜமாகிவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் பேசாமல் இருப்பதற்குக் காரணம் வேண்டுமே. தைப்பூசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வேனிலேயே உட்கார்ந்து யோசித்தேன். அவள் அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் தட்டிக் காட்டினேன்: "மௌன விரதம். முருகனுக்கு வேண்டுதல்."

கோயிலில் அன்னதான வரிசை தவிர வேறெங்கும் என்னைப் பார்த்திராதவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நீங்களா? எதுக்கு?"

"வெளியே சொல்லக் கூடாது" என்று தட்டினேன்.

நெடுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு குளிர்பெட்டியில் இருந்த கோழியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். "விரதம்னா முழுசா இருக்கணும். சைவம். தரையில பாய். டிவி கிடையாது." நான் போட்ட திட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. முருகனும் என் மனைவியும் கலந்து பேசி எடுத்த முடிவு போல இருந்தது.

மறுநாளே ஊருக்குச் செய்தி போய்விட்டது. குழுவில் எல்லாரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். சிகாமட்காரன் மட்டும் பேசி அனுப்பியிருந்தான்: "அலமாக்! நீ வாய மூடணும்னு நாங்க நாப்பது வருஷமா வேண்டிக்கிட்டோம்டா. முருகன் லேட்டானாலும் செஞ்சிட்டாரு. கல்யாணத்துக்குள்ள தொறந்துரு!" வேனில் வழக்கமாக முன்சீட்டில் ஏறும் மலாய் அக்காள் என் முகத்தை எட்டிப் பார்த்து, "அபாங், சாகிட் கா?" என்றாள். நோயா என்று கேட்கிறாள். மனைவிக்குத் தெரியாதது ஏறியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஹாரனை அடித்துச் சிரித்தேன்.

காலை நடை முடிந்து எட்டரைக்கு வீடு திரும்பினால் மதியம்வரை நான் தனி ஆள். தனி ஆளுக்குப் பத்து நாள் என்பது எவ்வளவு பெரிய சிறை என்று படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியாது. சினிமாவில் ரத்தம் எடுப்பார்கள், ஒரு பாட்டு வரும், பாட்டு முடிந்தால் முடிவு கையில் இருக்கும். எனக்கு அந்தப் பாட்டு முடியவே இல்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அரிசிமணி வளர்ந்து பட்டாணியாகிவிட்டதாகத் தோன்றும். டார்ச் லைட்டோடு கண்ணாடி முன் வாயைப் பிளந்து நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது எல்லாம் பல் துலக்குவதில் நான் காட்டிவந்த அலட்சியம்தான்.

டிவி தடை செய்யப்பட்டிருந்தது. அவள்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே என்று போட்டேன்.

முதல் நாள் சத்தத்தை முழுதாக அடைத்துவிட்டுப் பார்த்தேன். குரல் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று ஒத்திகை. நாயகன் ஒருவன் மார்க்கெட் நடுவே நின்று இரண்டு நிமிடம் வசனம் பேசினான். நரம்பு புடைக்கிறது, விரல் நீள்கிறது, பின்னால் நிற்கிறவர்கள் நடுங்குகிறார்கள். கீழே மலாய் எழுத்தில் ஒரே வரி: "ஜாங்ஙான் சாரி பாசால்." வம்பு வளர்க்காதே. அவ்வளவுதான். இரண்டு நிமிடமும் அதற்குள் அடக்கம். மைக்கில் நான் இத்தனை வருடம் கத்தியதையெல்லாம் கீழே எழுத்தாகப் போட்டால் எத்தனை வரி தேறும் என்று கணக்குப் போட்டேன். "எல்லாரும் சாப்பிட்டுப் போங்கள்." அதற்கு மேல் தேறாது.

அதன் பிறகு புத்தி கெட்டுப்போய் நோயாளிப் படங்களாகத் தேட ஆரம்பித்தேன். புண்ணை நோண்டுகிறவன் மாதிரி. பாட்டுக்காரனுக்குத் தொண்டையில் நோய். ஓட்டக்காரனுக்கு ரத்தத்தில் நோய். கொரியாவில் ஒரு நூடுல்ஸ் கடைக்காரருக்கு நாக்கில் ருசியே போய்விடுகிறது. இந்த வகையறாவில் நான் சேர்த்த கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எல்லாரும் வெள்ளைக் கைக்குட்டையில் ரத்தம் துப்புகிறார்கள். இந்தக் காலத்தில் வெள்ளைக் கைக்குட்டை யாரிடம் இருக்கிறது? நான் காகிதத்தில் துப்பித் துப்பிப் பார்த்தேன், மிளகு ரசம்தான் வந்தது. அடுத்தது, சாகப்போகிற ஆள் உடனே கடற்கரைக்குப் போகிறான். நானும் வேனை எடுத்துக்கொண்டு கடலோரம் போனேன். வெயில். ஞானம் எதுவும் வரவில்லை, தலைவலி வந்தது. இன்னொன்று, ஒருவருக்குக்கூட மதிய நடைக்கு வேன் எடுக்கிற வேலை இல்லை. எல்லாரும் முழுநேரமாகச் சாகிறார்கள்.

கிண்டல் இருக்கட்டும். உண்மையில் நான் ஒரு படத்தைக்கூட முடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா வந்ததும், டாக்டர் கதவைத் திறந்து வெளியே வருவார், நாயகனின் மனைவி எழுந்து நிற்பாள், என் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்திவிடும். கொட்டகையில் இந்த வசதி கிடையாது. அங்கே சாகவேண்டியவன் செத்தே தீருவான். என் வீட்டில் யாரும் சாகவில்லை. கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி, ஏழு நாளில் பதினொரு பேரை உயிரோடு வைத்திருந்தேன். பதினொரு மனைவிகள் வராந்தாவில் பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார்கள்.

ஆறாம் நாள் என்று நினைக்கிறேன். திரையைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. திரை தானாக மங்கி எழுத்தில் கேட்டது: இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். வேனில் வரும் அந்த மலாய் அக்காளை விட்டால் அந்த வாரத்தில் என்னைப் பற்றி விசாரித்த ஒரே ஜீவன் அதுதான் என்று நினைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். சத்தம் வரக்கூடாது என்பதால் வாயைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுகையிலும் டாக்டர் சொன்னதைக் கடைப்பிடித்த நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

நான் மறந்தது ஒன்று. எங்கள் வீட்டில் இந்தப் படச் சந்தாவுக்கு ஒரே கணக்கு. ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம் என்று அது எத்தனையோ முறை கேட்டும் நான் சோம்பலில் விட்டுவிட்டேன். என் மனைவி பாலத்து நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி தன் கைப்பேசியில் சீரியல் பார்ப்பாள். அவள் திறக்கும் அதே பக்கத்தில், நான் பாதியில் விட்டதெல்லாம் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சிவப்புக் கோடு, எங்கே நிறுத்தினேன் என்று காட்டிக்கொண்டு.

ஏழாம் நாள் மாலை ஆறு மணி. மதிய நடை முடிந்து வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது.

"விரதத்துல படமா?"

கையும் களவுமாக மாட்டிய திருடன்போல விழித்தேன். "பக்திப் படம்" என்று தட்டினேன். பதில் வரிசையாக வந்தது.

"பதினொரு படம்."

"ஏன் ஒண்ணையும் முடிக்கல?"

"எல்லாத்துலயும் ஒரே இடத்துல நிக்குது கோடு."

நான் ஒரு நையாண்டி எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். நான் எழுதி எழுதி அழிப்பது அந்தப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வந்தது ஒரே சொல்: "யாருக்கு?"

நான் பதில் போடுவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. எடுத்தேன். பின்னணியில் பஸ் உறுமல், யாரோ மலாயில் சண்டை போடும் சத்தம்.

"பேச வேணாம். நான் கேக்குறேன். ஆமான்னா போன்ல ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு. புரியுதா?"

ஒரு தட்டு.

"உங்களுக்குத்தானே?"

ஒரு தட்டு.

"தொண்டையா? அந்தக் கரகரப்பா?"

ஒரு தட்டு.

"டாக்டர்கிட்டப் போயிட்டீங்க. எனக்குத் தெரியாம."

ஒரு தட்டு. கொஞ்சம் மெதுவாக.

பஸ்ஸுக்குள் சண்டை ஓய்ந்துவிட்டது, அல்லது அவள் வாயருகே கையைக் குவித்துக்கொண்டாள். குரல் பக்கத்தில் கேட்டது.

"கேன்சரா?"

ஆமாவுக்குத் தட்டு இருந்தது, இல்லைக்கும் இருந்தது. தெரியாது என்பதற்கு நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லை. வேனுக்குப் பக்கத்தில் ஈரத் துணியோடு நின்று, கைப்பேசியின் முதுகை நகத்தால் கீறினேன். நீளமாகக் கீறினேன். அவள் புரிந்துகொண்டாள். "சரி" என்றாள். பிறகு பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் மூச்சு மட்டும் கேட்டது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அவள் பயப்படுவதைக் கேட்டேன். முகம் தெரியாததால் தாங்க முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். படங்களில் அதுதான் வழக்கம்.

"முருகன் பேர்ல பொய் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்க இல்ல?"

தலை குனிந்தேன்.

"இன்னும் மூணு நாள் இருக்கு. அதே விரதம்தான். சைவம், தரை, எல்லாம். இனிமே அது என் வேண்டுதல்." சொல்லிவிட்டு என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயையும் போட்டாள். "ஏங்க, டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"மனைவியைக் கூட்டிவரச் சொன்னார்" என்று தட்டிக் காட்டினேன். அதைப் படித்துவிட்டுப் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் நாள் அவள் விடுப்பு எடுத்தாள். டாக்டர் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தோம். அவர் கண்ணாடி போட்டிருந்தார்! கோப்பைத் திறந்து படித்துவிட்டு அதைக் கழற்றினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார். முப்பது வருட ஆராய்ச்சி அந்த இடத்தில் பாழாய்ப் போனது.

"புற்றுநோய் இல்லை" என்றார். "ஆனா சும்மா விடக்கூடியதும் இல்லை. செல் கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கு. விட்டா அந்தப் பக்கம் போயிடும். மூன்று கிழமைக்குள்ள வெட்டி எடுக்க வேணும். பிறகு அடிக்கடி வந்து காட்ட வேணும், வருஷக்கணக்கா."

கிழமை என்றால் அவர்கள் ஊரில் வாரம். என் மனைவிதான் கேட்டாள். "குரல் பழையபடி வருமா டாக்டர்? இவரு மைக் புடிக்கிறவரு."

"வீட்டில கதைக்கலாம். மேடையில கத்துறதுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டன்."

அவள் மேலும் ஏதேதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. கிளம்பும்போது கைப்பேசியில் தட்டி அவரிடம் காட்டினேன்: "அப்படியானால் மனைவியை ஏன் கூட்டிவரச் சொன்னீர்கள்?"

அவர் வியப்போடு பார்த்தார். "உங்களைக் கதைக்கக் கூடாது எண்டு சொன்னனான். பிறகு ஆர் என்னோட கதைக்கிறது?"

வெளியே வந்து வேனில் ஏறியதும் அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாண மேடைகளில் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்த நான், முன்சீட்டில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் அது நிற்காமல் வேறொன்றாக மாறியதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பத்து நாளை அவள் பத்து நிமிடத்தில் அழுது முடித்தாள். அதற்கப்புறம்தான் சாவியைத் திருகினேன்.

அறுவை முடிந்து வந்த இரண்டாம் ஞாயிறு மதியம், தைப்பூசம் எல்லாம் கழிந்துபோன பிறகு, அவளே டிவியைப் போட்டாள். பதினொரு சிவப்புக் கோடுகளில் ஒன்றை அழுத்தினாள். "இன்னைக்கு இத முடிக்கிறோம்." பாட்டுக்காரன் படம். நான் எழப் பார்த்தேன். முழங்காலில் கை வைத்து உட்காரவைத்தாள். டாக்டர் கதவைத் திறந்து வந்தார், மனைவி எழுந்து நின்றாள். பதினைந்து நிமிடம் ஓடியது.

பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியை எடுத்துக் குழுவில் பேசத் தொடங்கினாள். முன்னே பின்னே அவள் அதில் பேசியதே இல்லை.

"வணக்கம். அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. விரதம்னு சொன்னது பொய். கேன்சர் இல்ல, ஆனா இப்போதைக்குப் பேசக்கூடாது. அதனால இந்த வாரம் படத்தப் பத்தி நான் சொல்றேன். படம் பரவால்ல. கடைசியில ஹீரோ செத்துப் போயிட்டான். மத்தபடி நல்லா இருக்கு."

என் தொழில் தர்மத்தை இருபது நொடியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கைப்பேசியைச் சோஃபாவில் வைத்தாள். குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. கும்பிடும் கைகூட இல்லை. பிறகு அழைப்பு வந்தது. சிகாமட்காரன்.

"அவரு பேச முடியாதுண்ணே" என்று எடுத்தவுடன் சொன்னாள். "ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல." சொல்லிவிட்டு என் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது. வழக்கமாக என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவன்.

"டேய். கல்யாணத்துக்கு மைக்க நான் பாத்துக்குறேன். நீ வந்து முன்னால உக்காரு, அது போதும்." கொஞ்சம் நிறுத்தினான். "டேய், இருக்கியா?"

ஒரு தட்டுத் தட்டினேன்.